ஒரு கிராம்

செகெட் நகரில் நவம்பர் மாதம் நான்கரைக்கே இருட்டிவிடும்.
எலிகளுக்கு அது தெரியாது.
கீழ்த்தளத்தில் விளக்கு ஏழுக்கு எரியும், ஏழுக்கு அணையும்.
நான் எமோக்கே, எலிகளை எடை போடுபவள்.
என்னை எடை போடுபவள் போர்பாலா,
மருத்துவமனையில், வியாழன்தோறும்.
இருவருக்கும் ஒரே பழக்கம்:
தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவோம்,
எண் நிற்கும்வரை முகத்தில் ஒன்றும் காட்டமாட்டோம்.

மேலடுக்கு எலிகளுக்குப் பன்றிக்கொழுப்புத் தீனி,
வேண்டிய மட்டும்.
நடு அடுக்குக்கு அதே தீனி, மிளகாயின் காரம் கலந்தது.
புட்டியில் அது வெறும் வெள்ளைப் பொடி.
எங்கள் ஊர் மிளகாயின் சிவப்பு ஊரறிந்தது;
எரிச்சலுக்கு நிறமில்லை என்பது
இந்த வேலைக்கு வந்தபின்தான் எனக்குத் தெரியும்.
முதல் இரண்டு நாள் அவை தின்னாமல் சிதறின.
பிறகு தின்றன. சற்றே இளைத்தன.
காரத்தால் இளைத்தனவா, சிதறியதால் இளைத்தனவா என்று
மேல்மாடியில் இன்னும் சண்டை ஓயவில்லை.

என் கணவன் காஷ்பாரிடம் சொன்னேன்.
"காரம் கொழுப்பைக் கரைக்கும், எனக்குத் தெரியாதா?" என்றான்,
மீன்சூப்பில் மேலும் ஒரு கரண்டி மிளகாய்த்தூள் கொட்டி,
அந்த எரிச்சல் ஆற
அரை ரொட்டியைத் தின்றபடி.

கீழடுக்குக்கு நூறில் அறுபது பங்கு.
கூண்டுக்கு ஒன்றாய், தனித்தனியே.
தீனி வரும் நேரம் அவற்றுக்குத் தெரியும்:
ஒரு மணி முன்பே ஓடத் தொடங்கும், கம்பியைக் கடிக்கும்.
முப்பத்தொன்று மட்டும் கடிக்காது.
மூலையில் இரு காலில் நின்று
என் கையைப் பார்க்கும்.

ஒரு கிராம். நகக்கண் அளவுத் துண்டு.
ஒரு நாள்தான் என்று போட்டேன்.

ஏழாம் வாரம் லெவென்தே வரைபடத்தை விரித்தார்.
கோட்டுக்கு மேலே தனியாய் ஒரு புள்ளி.
"பட்டினி போட்டும் இளைக்காத எலி!
சில உடல்கள் அப்படி, எமோக்கே,
எங்கிருந்தோ சேமித்துக்கொள்கின்றன."
அவர் கண்ணில் ஒரு கட்டுரை எரிந்துகொண்டிருந்தது.

அதற்கு முந்தைய வியாழன் போர்பாலாவும்
என் உணவுக் குறிப்பேட்டைப் புரட்டி
அதையே சொல்லியிருந்தாள்: "சில உடல்கள் அப்படி."
காலையில் கஞ்சி, மதியம் வேகவைத்த கோசு.
ரயிலடிக் கடையின் லாங்கோஷ் அதில் இல்லை,
பாலாடையும் பாலாடைக்கட்டியும் வழிய
கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே தின்றது.

அன்று லெவென்தே நுண்ணோக்கியில் காட்டினார்,
மேலடுக்கு எலி ஒன்றின் கொழுப்பை.
செத்த செல் ஒன்று, சுற்றிலும் வளையமாய்க் காவல் செல்கள்.
இழவு வீட்டுக் கூட்டம் மாதிரி இருந்தது.
பிணம் போன பிறகும் கலையாமல்
குரலை உயர்த்திக்கொண்டே இருக்கும் கூட்டம்.
"இதுதான் அழற்சி. மெல்லிய தீ."
படியேறும்போது என் வலது முழங்காலில்
யார் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள் என்று
எனக்கு விளங்கியது.

இரவு பதிவேட்டைத் திறந்தேன்.
முப்பத்தொன்றின் பக்கத்தில், பிந்திய மையில்,
நாற்பத்து நான்கு தேதிகள்,
ஒவ்வொன்றின் எதிரிலும் கூட்டல் ஒன்று.
கையெழுத்தும் போட்டேன்.

லெவென்தே கத்தவில்லை.
கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.
அந்தப் புள்ளியை அழித்தார். கோடு நேரானது, ஒரு கட்டுரை போயிற்று.
கீழடுக்கின் சாவியை இன்னொரு பையனிடம் கொடுத்தார்.

வியாழன். லாங்கோஷ் இரண்டு, பூண்டு தடவி, என்று எழுதிப்போனேன்.
போர்பாலா படித்தாள், பேனாவை மூடினாள்.
"என்ன விலை இப்போது?" என்றாள்.
சொன்னேன்.
பிறகு தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள்.